மூன்றாவது கோர்ட்டுக்குக் கீழே

கரண்டு வேலை பார்க்கிறவருக்குக் கரண்டு என்றாலே பயம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? எங்கள் பூங்காவில் அப்படி ஒருவர் இருந்தார். இருந்தார் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். நகராட்சிப் பூங்காக்கள் ஐந்துக்கும் அவர் ஒருவர்தான் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அது பையில் இருக்கும். அதனால் டெஸ்டர் அண்ணன் என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உண்டு.

நான் அதே பூங்காவில் தோட்டக்காரி. பதினாறு வருஷமாகப் புல்லும் பூச்செடியும் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எனக்கே தெரியும். இந்தக் கதையில் அந்த வாய் செய்த வேலையும் வருகிறது. அதை மறைத்துவிட்டு அண்ணனைப் பற்றி மட்டும் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் ஒரு பல்பு மாற்றுவதைப் பார்க்க வேண்டும். மெயினை அணைப்பார். அணைத்த பிறகு, எரிகிற வேறொரு இடத்தில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் அணைத்த கம்பியில் வைப்பார். அப்புறம் மறுபடியும் எரிகிற இடத்துக்கு வந்து, நடுவில் டெஸ்டர் கெட்டுப்போய்விட்டதா என்று பார்ப்பார். இவ்வளவும் முடிந்தபின் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளங்கையால் தொட்டால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடுமாம். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜையே இவரு கடிக்கிற நாயத் தொடுற மாதிரிதான் தொடுவாரு" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிற மனிதரைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அவருக்கு இருபத்திரண்டு வயதில், கூட வேலை பார்த்தவன் கம்பத்தில் ஏறினான். "ஆஃப் பண்ணியாச்சு" என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள். ஆஃப் ஆகவில்லை. ஆள் பிழைத்தான், இரண்டு விரல் போய்விட்டது. இதை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "ஆஃப்னு சொல்றது வாய்தானே தங்கச்சி. வாய்க்கு ஷாக் அடிக்காது." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பூங்காவுக்கு விளக்கு வந்தது. முன்கேட் அருகே கரண்டுப் பெட்டி. பின்பக்க மூலையில் தண்ணீர் மோட்டார் அறை. முன்னாலிருந்து பின்னால் வரை, இடது சுவரை ஒட்டியே பள்ளம் வெட்டிக் கேபிள் புதைக்க வேண்டும் என்று வரைபடம். ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்கள். ஒன்று கேட் பெட்டியிலிருந்து விளக்குக் கம்பங்களுக்கு. மற்றது கேட்டை ஒட்டிய அலுவலக அறைச் சுவரில் இருக்கும் போர்டிலிருந்து மோட்டாருக்கு.

பாதி தூரத்தில், சுவரோரம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. வரைபடம் போட்டவருக்கு அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது. கோடாலியோடு ஆட்கள் வேரின்மேல் ஏறி நின்றபோது நான் ஓடிப்போய்க் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். நான் அப்போது தினக்கூலி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் வாய் மட்டும் அப்போதே நிரந்தரம்.

"இத்தனை வேரையும் வெட்டினா ரெண்டு வருஷத்துல மரம் சாஞ்சிரும்ணே. கொஞ்சம் சுத்திப் போனாத்தான் என்னவாம்? மண்ணுக்குள்ள கிடக்கிறத யாரு வந்து பாக்கப்போறா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைச் சுவரிலிருந்து திருப்பி, புல்வெளிக்குள் கொண்டுபோய், மரத்தை ஒரு வளையமாகச் சுற்றி, மறுபடியும் சுவருக்குக் கொண்டுவந்தார். அந்த வளைவில் அடியில் பாறை. ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் போகவில்லை. கேபிளைப் போட்டு, மேலே ஒரு வரிசை செங்கல் அடுக்கி, மூடிவிட்டார்கள்.

வளைத்ததை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றால் புது வரைபடம் போட்டு மூன்று மேசை தாண்ட வேண்டும். திறப்பு விழாவுக்கு நான்கே நாள். அப்போதிருந்த என்ஜினியர், "வரைபடப்படி போட்டாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுப்பா" என்றார். எங்கள் துறையில் அது ஒரு வழக்கம். மண்ணுக்குள் எது எப்படிக் கிடந்தாலும் காகிதத்தில் வரைபடப்படிதான் கிடக்கும். அண்ணன் மூன்று நாள் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டார். எதையும் மூன்று தடவை பார்க்கிற மனிதர், அந்தக் காகிதத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

நான் காப்பாற்றிய மரம் ஏழே வருஷத்தில் ஒரு புயலில் விழுந்தது, அது வேறு விஷயம். வேரைத் தோண்டி எடுத்தார்கள், நான் மண் நிரப்பிப் புல் வைத்தேன். குழாய்த் தண்ணீர் வந்ததால் மோட்டாரையும் கழற்றினார்கள். அண்ணனே மோட்டார் கேபிளை அலுவலகப் போர்டிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றிவைத்தார். பிற்பாடு அந்த மோட்டார் அறையைக் கழிப்பறையாக மாற்றினார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன் வேறொரு பூங்காவில் இருந்தார். கழிப்பறைக்கு யாரோ ஒப்பந்தக்காரர் வந்து லைன் கொடுத்தார், பின்தெருக் கம்பத்திலிருந்து எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

போன வருஷம் ஊருக்குள் பிக்கிள்பால் வந்தது. டென்னிஸில் பாதி, டேபிள் டென்னிஸில் பாதி என்று சொல்லலாம். கையில் குட்டை மட்டை, பிளாஸ்டிக் பந்து, பந்து முழுக்க ஓட்டை. அடித்தால் டொக் டொக் என்று கதவைத் தட்டுகிற சத்தம். முதலில் பல் டாக்டரம்மாவும் நாலு பேரும் வண்டி நிறுத்துகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடினார்கள். மூன்றே மாதத்தில் நாற்பது பேர் ஆனார்கள். முழங்கால் வலி என்று பெஞ்சைவிட்டு எழாதவர்களெல்லாம் துள்ளிக்கொண்டு திரிந்தார்கள். வலைக்கு இரண்டு பக்கமும் ஏழு அடிக்குக் கிச்சன் என்று பேராம், அதற்குள் நின்றுகொண்டு வருகிற பந்தை நேராக அடிக்கக்கூடாதாம். "அடிக்கக்கூடாத இடத்துக்குப் போயி கிச்சன்னு பேரு வச்சிருக்காங்களே, இவங்க யாரும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல போல" என்று நான் சொன்னதற்கு டாக்டரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

டாக்டரம்மா வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். நகராட்சியும் தலையாட்டியது. மூன்று பூங்காக்களில் எட்டு கோர்ட். எங்கள் பூங்காவுக்கு மட்டும் நான்கு. எங்கே? இடது பக்கப் புல்வெளியில்.

வரைபடத்தைக் கேட்டில் ஒட்டிய அன்று அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டே போய் எட்டிப்பார்த்தேன். நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றும் நாற்பத்துநாலு அடி நீளம், இருபது அடி அகலம். வலைக் கம்பத்துக்கும் வேலிக் கம்பத்துக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள், பக்கத்தில் ‘ஆழம் இரண்டரை அடி’ என்று எழுதியிருந்தது. கேபிள் என்று ஒரு புள்ளிக்கோடு, சாதுவாகச் சுவரோரமாகவே போனது.

"மூணாவது கோர்ட்டு" என்றார் அண்ணன். முகம் செத்துப்போயிருந்தது.

கேபிள் இருப்பது ஒன்றரை அடியில். துளை போகப்போவது இரண்டரை அடிக்கு.

"நான் என்ஜினியர் மேடம்கிட்ட போய்ச் சொல்லிடுறேன் தங்கச்சி. இன்னைக்கே சொல்லிடுறேன்" என்று நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நிஜமாகவே இழுத்தேன்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? அந்தப் பம்ப் ஆப்பரேட்டரு கதை மறந்துபோச்சா?"

பக்கத்துப் பூங்காவில் பம்ப் ஆப்பரேட்டர் ஒருவர், சுத்தம் செய்யாத தொட்டியைச் சுத்தம் செய்ததாகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். புதிதாக வந்திருந்த என்ஜினியர் மேடம் அதே வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். இரண்டு வருஷமாக விசாரணை, விசாரணை என்று நடையாய் நடக்கிறார். அண்ணனுக்கு மகள் கல்லூரியில் மூன்றாம் வருஷம். வீட்டில் வேறு யாரும் வேலைக்குப் போவதில்லை. இதையெல்லாம் அடுக்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அண்ணன் மகள் இல்லை. பள்ளத்தைத் திருப்பச் சொன்னது யார் என்று கேட்டால் என் பேர் வரும், நிரந்தரமாகி நாலே வருஷமான என் வேலை போகும். அதுதான் முதலில் வந்தது. அவருக்காகப் பேசுகிற மாதிரி எனக்காகப் பேசினேன்.

யோசனையும் நானே சொன்னேன். துளை போடுகிற அன்று காலையில் அண்ணன் விளக்குப் பெட்டியை அணைத்துப் பூட்டிவிடட்டும். கேபிள் அறுந்தால் அறுந்துபோகட்டும், செத்த கேபிள் யாரை என்ன செய்யும்? "அடடே, இங்க ஒரு கேபிளா?" என்று எல்லோரும் ஆச்சரியப்படுவோம். அண்ணன் ஒட்டுப்போட்டுவிடுவார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துபோகும்.

"மோட்டார் கேபிளு?" என்று கேட்டார்.

"அதான் நீங்களே கழட்டிப்போட்டீங்களே."

"ஆமா. நான்தான் கழட்டினேன்" என்றார், ஏதோ பெரிய ஆறுதல் கிடைத்த மாதிரி.

அடுத்த எட்டு நாளும் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வேலையே இல்லாமல் மூன்றாவது கோர்ட் வரப்போகிற இடத்தில் நடந்துகொண்டிருப்பார். கீழே ஏதோ தூங்குகிற மாதிரியும் அதை எழுப்பிவிடக்கூடாது என்பது மாதிரியும் இருக்கும் அந்த நடை. அண்ணி எனக்குப் போன் போட்டு, "ஏம்மா, அங்க ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்துக்கிறாரு, கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு" என்றார். நானும் ஒன்றுமில்லை என்றேன். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தத் துளை மெஷின எத்தனை பேரு புடிப்பாங்க?"

"ரெண்டு பேரு. போன மாசம் வேலி போடறப்போ பாத்தேனே."

"நாலு கை" என்றார். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

துளை போடும் நாளும் வந்தது. முந்தின நாள் முழுக்க மழை, புல்வெளி சொதசொத என்றிருந்தது. வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். மெஷினுக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பிடி, நடுவில் பெட்ரோல் எஞ்சின், கீழே திருகு மாதிரி ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு. இரண்டு பேரும் காதில் பெரிய மூடி மாட்டிக்கொண்டார்கள். எஞ்சின் சத்தத்தில் பூங்காவே அதிர்ந்தது.

அண்ணன் ஏழு மணிக்கே வந்து விளக்குப் பெட்டியை அணைத்துச் சொந்தப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் பையில். ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் போய் மூடியைத் திறந்து டெஸ்டர் வைத்தார். எல்லாம் செத்திருந்தது. மறுபடியும் ஒரு சுற்றுப் போனார். அப்போதும் செத்திருந்தது. "போதும்ணே, பாக்கிறவன் சந்தேகப்படப்போறான்" என்று நான் பல்லைக் கடித்தேன்.

முதல் கோர்ட் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் ஆரம்பித்தார்கள். எனக்கு நின்று பார்க்கத் தைரியமில்லை. ரோஜாப் பாத்திக்கு உரம் வைத்த கையோடு கழிப்பறைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு திரும்பினேன். வழியில் பெஞ்சில் பின்தெரு டெய்லர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் வந்ததும், அவர் பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"டெய்லருக்கு இன்னைக்கு யோகம்தான். பின்தெருவுல காலையிலருந்து கரண்டு கட்டாம். மெஷினை மூடிட்டு இங்க வந்து காத்து வாங்குறாரு."

"ம்."

"என்ன ம்? என் கையப் பாருங்க, எப்படிக் காஞ்சிருக்குன்னு. கழிப்பறையில புதுசா மாட்டியிருக்காங்களே, கைய நீட்டினா சூடா காத்து அடிக்குதே, அதுல காட்டினேன். நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் என் கைகளையே பார்த்தார். காய்ந்த கைகளை.

"பின்தெருவுல கரண்டு இல்லையா?"

"இல்லங்கிறாரே."

"நான் விளக்குப் பெட்டிய அணைச்சிருக்கேன்." அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்போ அந்தக் கை காய வைக்கிற மெஷினுக்கு எங்கருந்து கரண்டு வருது?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவருக்கு உறைத்துவிட்டது. கழிப்பறைக்கு லைன் கொடுத்த ஆள் பின்தெருவுக்கே போகவில்லை. பழைய மோட்டார் கேபிள் சும்மா கிடப்பதைப் பார்த்திருக்கிறான். அலுவலகப் போர்டில் அண்ணன் சுற்றிவைத்த டேப்பைப் பிரித்து மறுபடி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். விளக்குக் கேபிள் செத்துக்கிடக்கிறது. அதே பள்ளத்தில், அதற்குப் பக்கத்திலேயே, மோட்டார் கேபிள் உயிரோடு கிடக்கிறது.

பதினாறு வருஷத்தில் அண்ணன் ஓடி நான் பார்த்ததில்லை. அந்த ரப்பர் பூட்ஸோடு, சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். காதை மூடியிருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்? திருகு ஓர் அடிக்குமேல் இறங்கிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்குகிறது. ஈர மண், ஈரச் செருப்பு, இரும்புப் பிடியில் நாலு கை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் இந்தப் பக்கம் இருந்தவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, தன் மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தார். ஃப்ரிட்ஜைத் தொடப் பயப்படுகிற மனிதர். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். பிடி விட்டதும் எஞ்சின் இருமி நின்றது. மற்றவன் பயந்துபோய்த் தானாகக் கையை எடுத்தான்.

விழுந்தவன் எழுந்த வேகத்தில் அண்ணனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். "யோவ், பைத்தியமாய்யா உனக்கு? என்னய்யா ஆச்சு?"

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். அப்போது என் வாய் மறுபடியும் வேலையைக் காட்டியது.

"பாம்பு!" என்று கத்தினேன். "குழிக்குள்ள பாம்பு போச்சு! நான் பாத்தேன்!"

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். வேலை நின்றுவிடும், காரணமும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். மேஸ்திரி "அட, இவ்வளவுதானா?" என்று சிரித்தார். வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்தார். ஆள் உயர இரும்புக் கடப்பாரை. "தள்ளுங்க, ஒரே குத்து" என்று குழிக்கு நேராக இரண்டு கையாலும் ஓங்கினார்.

அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

"பாம்பு இல்ல!" அண்ணன் சேற்றில் முட்டிபோட்டு இரண்டு கையையும் குழிக்குமேல் விரித்துவிட்டார். "பாம்பு இல்லங்க. கேபிள். கரண்டு இருக்கு. நான் போட்டது. வரைபடத்துல இல்லாத இடத்துல நான்தான் போட்டேன். குத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கடப்பாரை மெல்ல இறங்கியது.

அண்ணன் அலுவலகத்துக்குப் போய் மோட்டார் லைனைக் கழற்றிவிட்டு வந்தார், அந்த மூன்று சோதனைகளையும் செய்துவிட்டுத்தான். பிறகு கரண்டியால், கையால், மண்ணை எடுத்தார். திருகின் நுனி ஒரு செங்கல்லை உடைத்திருந்தது. உடைந்த செங்கல்லுக்கும் கேபிளுக்கும் நடுவே இரண்டு விரல் மண். அவ்வளவுதான் மிச்சம். அண்ணனைத் தள்ளிவிட்ட ஆள் எட்டிப் பார்த்தான். புல்லில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பேண்டில் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் துடைத்தான். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் துடைத்தான்.

அரை மணி நேரத்தில் என்ஜினியர் மேடம் வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். வண்டியின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, நோட்டைத் திறந்து, அண்ணன் சொன்னதையெல்லாம் எழுதினார். வருஷம், கையெழுத்து, ஆழம். அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றைத் தவிர.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம்."

நான் நாலடி தள்ளி ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வராத பைப்பை.

"சரி, கேபிள் நிஜமா போற வழிய இதுல வரைங்க" என்று சிவப்புப் பேனாவைக் கொடுத்தார் மேடம். அண்ணன் கேட்டிலிருந்து கோடு இழுத்தார். சுவரோரமாக வந்தது. வளைவு வர வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"இங்க ஒரு மரம் இருந்துச்சு மேடம். அதைச் சுத்தித்தான் போகும். ஆனா மரம் சரியா எந்த இடம்னு… இப்போ தெரியல."

"கையால தோண்டிக்கிட்டே போனா ரெண்டு நாளாகும்" என்றார் மேஸ்திரி.

"தோராயமா போடுங்க, பரவால்ல" என்றார் மேடம்.

"தோராயமா போட மாட்டேன் மேடம்." அண்ணன் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார். "இப்பவும் தப்பாப் போட்டா, இன்னும் பத்து வருஷம் கழிச்சு யாராவது இதைப் பாத்துத் தோண்டுவாங்க. அப்போ கத்துறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

அந்த மரம் நின்ற இடத்தை ஊரிலேயே கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய ஒரே ஆள் நான். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலிருக்க அவர் படுகிற கஷ்டம் கழுத்து நரம்பில் தெரிந்தது.

பைப்பைக் கீழே போட்டுவிட்டு நடந்தேன். சுவரிலிருந்து ஒன்பது அடி எண்ணி நின்றேன்.

"மேடம், மரத்தோட நடு இதுதான். பள்ளம் இங்கருந்து பன்னெண்டு அடி தள்ளி, அரை வட்டமாப் போகும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தோட்டக்காரங்க இல்ல? மரம் எங்க இருந்துச்சுன்னு தெரியாம இருக்குமா? நல்லவேளை" என்று அவராகவே சொல்லிக்கொண்டு டேப் பிடிக்கச் சொன்னார். பள்ளம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. அளந்தார்கள், கோடு முடிந்தது. அண்ணன் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். அது எனக்காக விட்ட மூச்சு. என் பேர் வரவில்லை. நான் தப்பித்துவிட்டேன்.

மேடம் நோட்டை மூடப் போனார். புல்லில் உட்கார்ந்திருந்தவன் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இன்னொண்ணும் எழுதிக்கோங்க" என்றேன். "பள்ளத்தைத் திருப்பச் சொன்னது நான். அதைவிட, இவரு எட்டு நாளைக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்து சொல்லக் கிளம்பினாரு. நான்தான் சட்டையப் புடிச்சு நிறுத்தி, வாய மூடிக்கிட்டு இருங்கன்னேன்."

"உன்னை யாரும்மா கேட்டா?" என்று அண்ணன் கத்தினார். பதினாறு வருஷத்தில் என்மேல் அவர் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். கண் கலங்கியிருந்தது. "உன்னை யாரு கேட்டா இப்போ?"

மேடம் நோட்டை மறுபடியும் திறந்தார். "உங்க முழுப்பேரு?"

சொன்னேன். பயத்தில் குரல் எழும்பவில்லை, அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.